தோற்றவர்கள் பெற்றுத் தந்த உரிமைகள்: அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது பிரிவு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சட்ட உதவி முகாம்களில் மேசை போட்டு உட்கார்ந்தால், பட்டா, ஜீவனாம்சம், காவல் நிலையப் புகார் என்று மனு எழுத வருகிறவர்கள் இடையிடையே வேறு சில கேள்விகளையும் கேட்பார்கள். "உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது என்கிறீர்கள். அதனால் எனக்கு என்ன?" என்பது அவற்றில் முதன்மையானது. அந்தக் கேள்விகளையும், வரிசையில் நிற்பவர்களை வைத்துக்கொண்டு நிதானமாகச் சொல்ல முடியாமல் போன பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

21ஆவது பிரிவு அப்படி என்னதான் சொல்கிறது?

சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் எவருடைய உயிரையோ தனிமனித சுதந்திரத்தையோ பறிக்கக் கூடாது. அவ்வளவுதான். ஆங்கில மூலத்தில் 18 சொற்கள். "எவருடைய" என்ற சொல்லைக் கவனியுங்கள். குடிமக்கள் என்று அதில் இல்லை. அகதி, வெளிநாட்டவர், சிறைவாசி என எல்லோருக்கும் இது பொருந்தும்.

1950ஆம் ஆண்டு ஜனவரி 26 முதல் இன்றுவரை இந்தப் பிரிவில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனாலும் வாழ்வாதாரம், அந்தரங்கம், இலவச சட்ட உதவி, விரைவான விசாரணை என்று பல உரிமைகள் இதற்குள்ளிருந்து வந்திருக்கின்றன.

எழுத்து மாறாமல் உரிமை மட்டும் எப்படி வளர்ந்தது?

"சட்டம் வகுத்த நடைமுறை" என்ற தொடருக்கு நீதிபதிகள் கொடுத்த பொருள் மாறியதால்தான். முதல் பெரிய வழக்கு சென்னை மாகாணத்திலிருந்து போனது. மலபாரைச் சேர்ந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன், 1950இல் வந்த தடுப்புக் காவல் சட்டத்தின்கீழ் சிறையில் இருந்தபடியே உச்ச நீதிமன்றத்துக்கு மனுச் செய்தார். அந்தச் சட்டத்தின் 14ஆவது பிரிவைப் படித்தால் இன்றும் திடுக்கிடும். தன்னை எந்தக் காரணத்துக்காகப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதைக் கைதி நீதிமன்றத்திடம்கூடச் சொல்லக் கூடாது, சொன்னால் குற்றம்.

ஆறு நீதிபதிகள் விசாரித்தார்கள். 14ஆவது பிரிவு மட்டும் செல்லாது என்றார்கள். மற்றபடி கோபாலனின் மனு தள்ளுபடியானது. நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றி, அதில் ஒரு நடைமுறையை எழுதி, அதிகாரிகள் அதைப் பின்பற்றினால் போதும். அந்த நடைமுறை நியாயமானதா என்று நீதிமன்றம் கேட்காது என்பது பெரும்பான்மையோரின் முடிவு. நடைமுறை என்றால் அதில் நியாயமும் இருக்க வேண்டும் என்று நீதிபதி ஃபசல் அலி தனியாக எழுதி வைத்தார். அவருடைய மாறுபட்ட தீர்ப்பு சட்டமாவதற்கு 28 ஆண்டுகள் ஆயின.

பழைய வழக்கு உள்ளவர் என்பதற்காகக் காவலர் இரவில் வீட்டுக் கதவைத் தட்டலாமா?

இதைக் கேட்பவர்கள் இன்றும் வருகிறார்கள். உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவர் ஒரு கொள்ளை வழக்கில் சிக்கி, ஆதாரம் இல்லை என்று விடுவிக்கப்பட்டார். ஆனாலும் அவர் பெயர் கண்காணிப்புப் பதிவேட்டில் ஏறிவிட்டது. ஊர்க் காவலரும் போலீசாரும் இரவில் வந்து கதவைத் தட்டுவார்கள், பெயர் சொல்லி அழைப்பார்கள், தூங்குகிறவரை எழுப்புவார்கள். 1962இல் உச்ச நீதிமன்றம் அந்த நள்ளிரவு வருகைகளுக்குத் தடை விதித்தது. வீட்டில் நிம்மதியாகத் தூங்குவதும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்பது அதன் சாரம்.

அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருந்தது: அந்தரங்கம் என்று ஓர் அடிப்படை உரிமை அரசமைப்புச் சட்டத்தில் கிடையாது. ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுத்ததுபோன்ற இந்த வாசகம், பிறகு 55 ஆண்டுகள் அரசு வழக்கறிஞர்களுக்குக் கைகொடுத்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நெருக்கடி நிலையின்போது நீதிமன்றங்கள் என்ன செய்தன?

ஒன்பது உயர் நீதிமன்றங்கள் மக்களின் பக்கம் நின்றன. உச்ச நீதிமன்றம் நிற்கவில்லை.

1975 ஜூன் 25 அன்று நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டதும் எதிர்க்கட்சியினர் ஆயிரக்கணக்கில் சிறையில் அடைக்கப்பட்டார்கள். காவலில் இருப்பவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரக் கேட்கும் அவர்களுடைய ஆட்கொணர்வு மனுக்களை விசாரிக்கலாம் என்று உயர் நீதிமன்றங்கள் சொல்ல, அரசு மேல்முறையீடு செய்தது. ஜபல்பூர் வழக்கு என்று அழைக்கப்படும் அதில் 1976 ஏப்ரல் 28 அன்று நான்கு நீதிபதிகள் அரசுக்கு ஆதரவாகத் தீர்ப்பளித்தார்கள்: நெருக்கடி நிலை நீடிக்கும்வரை, சட்டவிரோதமாகக் காவலில் வைத்தாலும் யாரும் நீதிமன்றத்தின் கதவைத் தட்ட முடியாது. எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். உயிரும் சுதந்திரமும் அரசமைப்புச் சட்டம் போட்ட பிச்சை அல்ல, அது வருவதற்கு முன்பும் அவை இருந்தன என்பது அவருடைய வாதம். 1977 ஜனவரியில் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய தலைமை நீதிபதி பதவி அவருக்குப் பின்வரிசையில் இருந்தவருக்குப் போனது. கன்னா பதவி விலகினார்.

இந்த வழக்கைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்குக் குரல் கனத்துவிடும். 1978இல் நிறைவேறிய 44ஆவது திருத்தம், எந்த நெருக்கடி நிலையிலும் 20, 21ஆவது பிரிவுகளை நிறுத்தி வைக்க முடியாது என்று ஆக்கியது. 2017இல் ஜபல்பூர் தீர்ப்பை உச்ச நீதிமன்றமே தவறு என்று நிராகரித்தது. அப்படி எழுதிய டி.ஒய். சந்திரசூட், 1976இல் பெரும்பான்மையில் இருந்த ஒய்.வி. சந்திரசூட்டின் மகன்.

மேனகா காந்தி வழக்கை ஏன் எல்லோரும் திருப்புமுனை என்கிறார்கள்?

அது ஒரு பாஸ்போர்ட் சண்டை. 1977இல் ஆட்சி மாறியிருந்த நேரம். ஏழு நாட்களுக்குள் பாஸ்போர்ட்டை ஒப்படைக்கும்படி ஜூலை 2 தேதியிட்ட கடிதம் இந்திரா காந்தியின் மருமகள் மேனகா காந்திக்கு வந்தது. பொதுநலன் கருதி என்று மட்டும் அதில் இருந்தது. காரணத்தை எழுதித் தாருங்கள் என்று கேட்டார். பொதுமக்களின் நலன் கருதிக் காரணத்தைத் தர இயலாது என்று பதில் வந்தது. அரசு அலுவலகத்தில் காரணம் கேட்டு நின்ற எவருக்கும் இந்தப் பதிலின் தொனி பழக்கமானதாகத்தான் இருக்கும்.

1978 ஜனவரி 25 அன்று ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு தீர்ப்பளித்தது. நடைமுறை என்று சட்டத்தில் ஏதோ ஒன்றை எழுதி வைத்தால் போதாது. அது நியாயமானதாகவும் நேர்மையானதாகவும் இருக்க வேண்டும், மனம்போன போக்கில் இருக்கக் கூடாது. சம்பந்தப்பட்டவரின் தரப்பைக் கேட்காமல் உரிமையைப் பறிக்க முடியாது. அரசமைப்புச் சட்டத்தில் சமத்துவம் பற்றிய 14, பேச்சு முதலான சுதந்திரங்கள் பற்றிய 19, இந்த 21 ஆகிய பிரிவுகளைத் தனித்தனிப் பெட்டிகளாகப் பார்க்கக் கூடாது, சேர்த்தே படிக்க வேண்டும். ஃபசல் அலி 1950இல் எழுதியது இப்படித்தான் சட்டமானது. சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்து சென்ற பி.எஸ். கைலாசம் மட்டும் இதில் மாறுபட்டார்.

சரி, பாஸ்போர்ட் திரும்பக் கிடைத்ததா? கிடைக்கவில்லை. அவருடைய தரப்பைக் கேட்கிறோம் என்று அரசு உறுதி கூறியதால், நீதிமன்றம் முடக்க உத்தரவை ரத்து செய்யாமலே வழக்கை முடித்துவிட்டது.

பெரிய இடத்து வழக்குகளாகவே இருக்கின்றனவே, ஏழைகளுக்கு என்ன வந்தது?

கேட்க வேண்டிய கேள்வி. மேனகா தீர்ப்பு வந்த மறு ஆண்டே அதன் பயன் பீகார் சிறைகளுக்குப் போனது. செய்த குற்றத்துக்கு உச்சபட்சமாக எவ்வளவு தண்டனை கிடைக்குமோ அதைவிட அதிகக் காலம் விசாரணையே இல்லாமல் அடைபட்டுக் கிடந்தவர்களைப் பற்றி 1979 ஜனவரியில் நாளிதழில் கட்டுரைகள் வந்தன. அதைப் படித்த வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி உச்ச நீதிமன்றத்துக்கு மனுக் கொண்டுபோனார். ஹுசைனாரா காத்தூன் வழக்கு என்பது இதுதான். விரைவான விசாரணையும், வழக்கறிஞர் வைக்க வசதியில்லாதவருக்கு இலவச சட்ட உதவியும் 21ஆவது பிரிவுக்குள் வந்தன. மேசை போட்டு நான் உட்காருவதற்கே அந்தத் தீர்ப்புதான் காரணம்.

வீடே இல்லாதவருக்கு இருக்க இடம் கேட்கும் உரிமை உண்டா?

இதற்குப் பதில் சொல்ல பம்பாய் நடைபாதைக்குப் போக வேண்டும்.

சேலம் பக்கத்து நிலமற்ற கூலித் தொழிலாளி ஒருவர், மழை பொய்த்து வேலையும் இல்லாமல் போனதால், 1961இல் பம்பாய்க்குப் பிழைக்கப் போனார். தஹிசரில் ஒரு ரசாயனக் கம்பெனியில் நாள் கூலி 23 ரூபாய். மேற்கு விரைவு நெடுஞ்சாலையின் நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் போர்த்திய ஒரு மறைவிடம். அந்த மறைவிடத்துக்கும் ஒரு குடிசைத் தாதா அவரிடம் 2,500 ரூபாய் பிடுங்கியிருந்தார். மனைவி, மூன்று மகள்களுடன் அதில்தான் குடும்பம். இதெல்லாம் தீர்ப்பிலேயே இருக்கிறது. ஒரு மனிதரின் கூலியையும் கூரையையும் இவ்வளவு கிட்டத்தில் காட்டும் தீர்ப்புகள் மிகக் குறைவு.

1981 ஜூலையில், நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்தி அவரவர் ஊருக்கு அனுப்பப்போவதாக முதலமைச்சர் அந்துலே அறிவித்தார். ஜூலை 23 அன்று மாநகராட்சி ஆட்கள் சேலத்துக்காரரின் கூரையைப் பிரித்துப்போட்டு, குடும்பத்தோடு அவரைச் சேலம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். மனைவியும் மகள்களும் ஊரில் தங்கிவிட்டார்கள். அவர் திரும்பி வந்து மறுபடியும் நடைபாதையில் ஒண்டிக்கொண்டார். வேறு வழி? கூலி இருந்தது பம்பாயில்.

அவரைப் போன்றவர்களும், அவர்களுக்காக வந்த பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸும் தொடர்ந்த வழக்கில் ஐந்து நீதிபதிகள் 1985 ஜூலை 10 அன்று தீர்ப்பளித்தார்கள். உயிர் வாழும் உரிமை என்றால் அதில் வாழ்வாதாரமும் அடங்கும். பிழைக்கும் வழியை அடைத்துவிட்டு உயிரை மட்டும் விட்டுவைத்தேன் என்று அரசு சொல்ல முடியாது என்பது அதன் உயிர்நாடி. முன்னறிவிப்புக் கொடுத்து, அவர்கள் பக்கத்தைக் கேட்பதே விதி என்றும் சொன்னார்கள்.

பிறகு? நடைபாதை பொதுமக்கள் நடப்பதற்கு உரியது, அங்கே குடியிருக்க யாருக்கும் உரிமையில்லை என்று முடித்தார்கள். மழைக்காலம் கழியட்டும், அக்டோபர் 31 வரை கைவைக்காதீர்கள் என்ற அவகாசம் கிடைத்தது. 1976 கணக்கெடுப்பில் அடையாள அட்டை பெற்றிருந்தவர்களுக்கு மட்டும் மாற்று இடம்.

சேலத்துக்காரர் தோற்றார். ஆனால் அதற்குப் பிறகு இந்த நாட்டில் சாலையோர வியாபாரிகளுக்காகவும் குடிசைவாசிகளுக்காகவும் வாதாடிய வழக்கறிஞர்கள் அவருடைய வழக்கைத்தான் கையில் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

மனுதாரர் தோற்ற வழக்கு எப்படி மற்றவர்களுக்குப் பயன்படும்?

தீர்ப்பில் இரண்டு பகுதிகள் உண்டு. இந்த மனுதாரருக்கு என்ன உத்தரவு என்பது ஒன்று. எந்தச் சட்டக் கோட்பாட்டின்மேல் அந்த உத்தரவு நிற்கிறது என்பது மற்றொன்று. உத்தரவு அந்தத் தரப்பினரோடு முடிந்துவிடும். கோட்பாடு, 141ஆவது பிரிவின்படி நாட்டிலுள்ள எல்லா நீதிமன்றங்களையும் கட்டுப்படுத்தும். அந்தக் கோட்பாட்டை மாற்ற வேண்டுமானால் உச்ச நீதிமன்றத்தின் இன்னும் பெரிய அமர்வு வர வேண்டும். முக்கியமான வழக்குகளில் ஐந்து பேர், ஏழு பேர், ஒன்பது பேர் என்று நீதிபதிகளின் எண்ணிக்கையை எல்லோரும் சொல்லிக்கொண்டே இருப்பதற்கு இதுதான் காரணம்.

வீட்டில் ஒருவரைக் கைது செய்தால் உடனே என்ன கவனிக்க வேண்டும்?

மேற்கு வங்காளத்தில் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் செயல் தலைவராக இருந்த டி.கே. பாசு, காவல் நிலைய மரணங்களைப் பற்றி 1986இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே மனுவாக ஏற்கப்பட்டது. 1996 டிசம்பர் 18 அன்று வந்த தீர்ப்பு, கைது செய்யும்போது காவல்துறை கடைப்பிடிக்க வேண்டிய 11 கட்டளைகளை வகுத்தது. அவற்றில் முக்கியமானவை பின்னர் சட்டத்திலேயே சேர்க்கப்பட்டன. இப்போது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இருக்கின்றன.

கைது செய்ய வரும் காவலரின் சட்டையில் பெயர் தெளிவாகத் தெரிய வேண்டும். கைதுக் குறிப்பாணை அந்த இடத்திலேயே எழுதப்பட வேண்டும்; அதில் தேதி, நேரம் இரண்டும் இருக்க வேண்டும்; குடும்பத்தில் ஒருவரோ அந்தப் பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். உறவினருக்குத் தகவல் சொல்ல வேண்டும். காவலில் இருக்கும்போது 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை. விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கலாம், ஆனால் முழு நேரமும் அவர் உடன் இருக்க முடியாது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது தீர்ப்புக்கு முன்பே 22ஆவது பிரிவில் இருப்பது.

"நேரத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்கிறார்கள். எல்லாமே அதில்தான் இருக்கிறது. 24 மணி நேரம் எப்போது தொடங்குகிறது என்பதற்கு அந்த ஒரு கட்டம்தான் சான்று. ஒரு தாய் கொண்டுவந்த நகலில் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தது. மகனைக் கூட்டிப்போனது எப்போது என்று கேட்டேன். "பால்காரர் வந்துபோன கையோடு" என்றார். கடிகாரம் பார்க்கவில்லை, ஆனால் அதைச் சொல்ல ஒரு சாட்சி தெருவிலேயே இருந்தார். வெறுமையான கட்டத்தையும் பால்காரரின் பெயரையும் வழக்கறிஞரிடம் எழுதிக் கொடுத்தேன்.

2020இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது, டி.கே. பாசு தீர்ப்புக்கு 23 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. அதைச் சொல்லாமல் இந்தப் பதிலை முடிக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமையா, இல்லையா?

உரிமைதான். ஆனால் அதை உறுதியாகச் சொல்ல 2017 ஆகஸ்ட் 24 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இடையில் தமிழ்நாட்டிலிருந்து ஒரு நல்ல வழக்கு போனது. மரண தண்டனை பெற்றிருந்த ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன்வரலாற்றை வெளியிடப்போவதாக நக்கீரன் அறிவித்தது. அதிகாரிகளோடு தனக்கிருந்த தொடர்புகளைப் பற்றியும் அவர் அதில் எழுதியிருந்தார். வெளியிடக் கூடாது என்று சிறைத்துறை மிரட்ட, பத்திரிகை உச்ச நீதிமன்றம் சென்றது. 1994இல் வந்த தீர்ப்பு, தன்னைத் தன்போக்கில் விட்டுவிடும்படி கேட்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்றது. அதே மூச்சில், அரசு அதிகாரிகள் தங்கள் பதவிக் கடமை சார்ந்த செயல்களை அந்த உரிமைக்குப் பின்னால் மறைக்க முடியாது, அவதூறாக இருக்கும் என்ற அச்சத்தில் அச்சேறுமுன்பே தடுக்கவும் முடியாது என்றது. அந்தரங்கத்தையும் பத்திரிகைச் சுதந்திரத்தையும் ஒரே தராசில் இவ்வளவு நிதானமாக எடைபோட்ட தீர்ப்பு என் பார்வையில் வேறு இல்லை.

பிறகு ஆதார் வந்தது. கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி, 2012இல் தமது 86ஆவது வயதில் அதை எதிர்த்து மனுச் செய்தார். கரக் சிங் வழக்கின் அந்தப் பழைய வாசகத்தை எடுத்து நீட்டி, அந்தரங்கம் அடிப்படை உரிமையே அல்ல என்று அரசுத் தரப்பு வாதிட்டது. ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து, ஒருமனதாக, 547 பக்கங்களில் மறுத்தார்கள். ஆதாரை எதிர்த்த மூல வழக்கோ 2018 செப்டம்பர் 26 அன்று பெரும்பாலும் தோற்றது. வங்கிக் கணக்கிலும் செல்பேசி இணைப்பிலும் ஆதாரைக் கட்டாயமாக இணைக்கச் சொன்னது உள்ளிட்ட சில பகுதிகள் மட்டும் ரத்தாயின. ஆதார் திட்டம் நிலைத்தது.

திருநங்கைகளுக்கு இந்தத் தீர்ப்புகளால் கிடைத்தது என்ன?

தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு (நால்சா) தொடர்ந்த வழக்கில் 2014 ஏப்ரல் 15 அன்று வந்த தீர்ப்பில், ஒருவர் தம் பாலினத்தைத் தாமே முடிவு செய்யலாம் என்றும், மூன்றாம் பாலினத்தைச் சட்டம் ஏற்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் சொன்னது. இங்கே மனுதாரர் வென்றார். அது ஊருக்குள் எப்படி வந்தது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: தூத்துக்குடியில் ஓர் இளைஞரும் திருநங்கையும் கோவிலில் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்தார்கள். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்து திருமணச் சட்டத்தில் உள்ள மணமகள் என்ற சொல்லில் திருநங்கையும் அடங்குவார் என்று கூறி, பதிவு செய்ய உத்தரவிட்டது.

தன்பாலினத்தவர் உறவைக் குற்றமாக்கிய, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு, வயதுவந்தோர் மனமொத்து இருப்பதற்குப் பொருந்தாது என்று 2018 செப்டம்பர் 6 அன்று தீர்ப்பு வந்தது. ஆனால் தன்பாலினத் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் கேட்டவர்கள் 2023 அக்டோபரில் தோற்றார்கள். அந்தத் தோல்வியிலிருந்து யார் எதை எடுப்பார்கள் என்பது இனித்தான் தெரியும்.

தீர்ப்பு வந்துவிட்டால் எல்லா இடத்திலும் அமலாகிவிடுமா?

ஆகாது. இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு செல்லாது என்று 2015 மார்ச் 24 அன்றே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் காவல் நிலையங்கள் அதே பிரிவில் வழக்குப் பதிந்துகொண்டிருந்தன. 2022இல் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவிட வேண்டியிருந்தது. உங்கள்மீது போடப்பட்ட பிரிவின் எண்ணைத் தெரிந்துகொண்டு, அது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

என் உரிமை மறுக்கப்பட்டால் நான் எங்கே போவது?

அடிப்படை உரிமைக்காக 32ஆவது பிரிவின்கீழ் நேராக உச்ச நீதிமன்றத்துக்கே போகலாம். நடைமுறையில் 226ஆவது பிரிவின்கீழ் உயர் நீதிமன்றம் போவதே எளிது. நமக்குச் சென்னையும் மதுரைக் கிளையும் இருக்கின்றன. வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிப்போய் எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே சொல்லாவிட்டால் ஆட்கொணர்வு மனு. அதை உறவினரோ நண்பரோ தாக்கல் செய்யலாம்.

பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் உள்ளிட்டோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவசமாக வழக்கறிஞர் தர வேண்டும். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. தொலைபேசியில் கேட்க 15100, கட்டணமில்லா எண். போகும்போது கையில் இருக்கும் எல்லாக் காகிதங்களையும் கொண்டுபோங்கள், கிழிந்ததாக இருந்தாலும், எதுவும் எழுதாத கட்டத்தோடு இருந்தாலும்.